ஜும்ஆ நாளின் கீரைச் சட்டி: இறைச்சியில்லா உணவின் வரலாறு

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம்.

இறைச்சி சேராத உணவைத் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் "சைவம்" என்றே அழைத்துப் பழகிவிட்டோம். அச்சொல் உண்மையில் ஒரு சமயத்தின் பெயர். அதனால்தானோ என்னவோ, அவ்வுணவே நமக்கு உரியதன்று, பிறருடையது என்ற எண்ணம் நம் உள்ளத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு "மரக்கறி" என்றொரு நல்ல பழஞ்சொல் உண்டு. இலங்கைத் தமிழரிடையே இன்றும் அது அன்றாட வழக்கில் இருக்கிறது. இக்கட்டுரையில் நாம் அச்சொல்லையே கையாள்வோம்.

வாரத்தில் ஓரிரு நாள்களை மரக்கறி நாள்களாக அமைத்துக்கொள்வது பற்றி இன்று பல இல்லங்களில் பேச்சு எழுகிறது. மருத்துவர் சொன்னதால் சிலர் பேசுகின்றனர். மாதச் செலவு கட்டுக்கடங்காமல் போனதால் சிலர் பேசுகின்றனர். பேச்சு எழுந்தவுடன் இரண்டு தயக்கங்களும் உடன் எழுகின்றன. அல்லாஹ் ஆகுமாக்கியதை நாமாக விலக்கிக்கொள்ளலாமா என்பது ஒன்று. நம் தட்டில் உள்ளதைப் பார்த்தே நம்மை எடைபோடுவோர் பெருகிவிட்ட இக்காலத்தில், இது அவர்களுக்குப் பணிந்துபோவது ஆகிவிடாதா என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை காண நாம் நம் வரலாற்றையே புரட்டிப் பார்ப்போம்.

தவிர்த்தல் வேறு, தடுத்தல் வேறு

முதலில் சட்டத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இறைச்சி ஹலால். கால்நடைகளை மனிதரின் பயனுக்காகவும் உணவுக்காகவும் படைத்திருப்பதாக அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் நினைவூட்டுகிறான். நபி (ஸல்) அவர்கள் இறைச்சி உண்டார்கள். ஆட்டின் முன்னங்கால் சப்பையை விரும்பி உண்டார்கள்.

இதில் எல்லை மீறியவர்களை அவர்கள் திருத்தியும் இருக்கிறார்கள். தோழர்களில் சிலர் வணக்கத்தில் மிகைத்துப்போய், ஒருவர் மணமுடிக்க மாட்டேன் என்றும், ஒருவர் இறைச்சி உண்ண மாட்டேன் என்றும், ஒருவர் படுக்கையில் உறங்க மாட்டேன் என்றும் உறுதி பூண்டனர். செய்தி நபியவர்களை எட்டியபோது, தாம் தொழுவதோடு உறங்குவதாகவும், நோன்பு நோற்பதோடு நோன்பின்றியும் இருப்பதாகவும், மணமுடிப்பதாகவும் சொல்லி, தம் வழிமுறையைப் புறக்கணிப்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

ஆகவே இறைச்சியை ஹராமாகக் கருதி ஒதுக்குவதும், ஒதுக்குவதே வணக்கம் என எண்ணுவதும் நம் வழியன்று. அதே வேளையில், இறைச்சியை நாள்தோறும் உண்பதும் நம் வழியாக இருந்ததில்லை. அந்த இரண்டாம் உண்மையைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

மதீனாவின் அடுப்புகள்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரி மகன் உர்வாவிடம் தம் இல்லத்து நிலையை விவரித்தார்கள். இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைக் கண்டுவிடுவார்கள். அதுவரை நபியவர்களின் வீடுகளில் அடுப்பு மூட்டப்பட்டிருக்காது. பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவு. அண்டை வீட்டு அன்சாரிகள் தம் கறவைக் கால்நடைகளின் பாலை அனுப்பிவைப்பதும் உண்டு. எப்போதேனும் சிறிது இறைச்சி அன்பளிப்பாக வந்தால் அதுவும் உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்திகள் இவை.

இறைச்சி கிடைத்தபோதும் அது தட்டை நிறைக்கும் பொருளாக இருக்கவில்லை. அதை நீளநீளமாக அரிந்து உப்பிட்டு வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்வார்கள். அரபியில் "கதீத்" எனப்படும் இது நம் ஊர் உப்புக்கண்டமே. ஒரு தையற்காரர் நபியவர்களை விருந்துக்கு அழைத்தபோது பரிமாறியது வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயோடு இந்த உலர்ந்த இறைச்சி சேர்த்த குழம்பும்தான். உடன் சென்ற அனஸ் (ரலி), நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி உண்டதைக் கண்டார்கள். அன்று முதல் சுரைக்காய் தமக்கும் விருப்பமாகிவிட்டது என்றார்கள். தம் பத்தாம் வயது அளவில் நபியவர்களிடம் பணிவிடைக்கு வந்தவர் அனஸ். காய்கறியைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளைகளைக் குறித்துக் கவலைப்படும் பெற்றோர், இச்செய்தியைச் சற்று நின்று சிந்திக்கலாம். அனஸுக்கு எவரும் அறிவுரை சொல்லவில்லை. அவர் நேசித்த ஒருவரின் கை எங்கே சென்றது என்பதை அவர் பார்த்தார், அவ்வளவே.

ஒரு திருமண விருந்தையும் நினைவுகூர்வோம். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நபியவர்கள் வலீமா அளித்தார்கள். அவ்விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை என்றே அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டன. பேரீச்சம்பழமும் உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவுக்கு ஆடு அறுத்ததும் அதே நபியவர்கள்தாம். இருந்தபோது அறுத்தார்கள், இல்லாதபோது உள்ளதை விரித்தார்கள். இரண்டும் வலீமாவே. பிரியாணி இல்லாத விருந்தும் ஒரு விருந்தா என்ற ஏச்சுக்கு அஞ்சிக் கடன் வாங்கிக் கல்யாணம் நடத்தும் நம் சமூகம் மறந்துவிட்ட சுன்னத் இது.

இனி இக்கட்டுரையின் தலைப்புக்குரிய செய்திக்கு வருவோம். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் மதீனாவின் ஒரு பெண்மணியைப் பற்றிக் கூறுகிறார்கள். அவர் தம் தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் "சில்க்" எனும் கீரையைப் பயிரிட்டிருந்தார். அது பீட்ரூட் இனத்தைச் சார்ந்த ஒரு செடி. வெள்ளிக்கிழமை வந்தால் அதன் கிழங்குகளைப் பிடுங்கிச் சட்டியிலிட்டு, ஒரு கைப்பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்துச் சமைப்பார். ஜும்ஆ தொழுகை முடிந்து தோழர்கள் அவருக்கு ஸலாம் சொல்லிச் செல்வார்கள். அவர் அந்த உணவை முன்வைப்பார். அவர்கள் அதை வழித்து உண்பார்கள். அதில் கொழுப்போ நிணமோ இருக்காது என்றும், அக்கிழங்குகளே இறைச்சித் துண்டுகளின் இடத்தில் இருந்தன என்றும், அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமையை ஆவலோடு எதிர்பார்த்திருந்தோம் என்றும் ஸஹ்ல் (ரலி) நினைவுகூர்கிறார்கள். இமாம் புகாரி இதனைத் தம் நூலின் பல இடங்களில் பதிவு செய்துள்ளார்கள்.

நம் இல்லங்களில் வெள்ளிக்கிழமை என்றாலே பிரியாணி மணம்தான் நினைவுக்கு வரும். அதில் குற்றமில்லை. ஆயினும் இந்த உம்மத்தின் முதல் தலைமுறை ஆவலோடு காத்திருந்த ஜும்ஆ விருந்துகளுள் ஒன்று, ஒரு மூதாட்டியின் கீரைக் கிழங்குச் சட்டி என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

உமர் (ரலி) கேட்ட கேள்வி

நபியவர்களுக்குப் பின் வெற்றிகள் பெருகின. மதீனாவுக்குச் செல்வமும் வந்தது. அப்போது இறைச்சி குறித்துக் கவலை கொண்டவர் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி). இமாம் மாலிக்கின் முவத்தாவில் இரண்டு செய்திகள் உள்ளன. மதுவுக்கு உள்ளது போன்ற ஓர் ஈர்ப்பு இறைச்சிக்கும் உண்டு என்று அவர்கள் எச்சரித்தது ஒன்று. மற்றொன்று, இறைச்சியோடு வந்த ஜாபிர் (ரலி) அவர்களை வழியில் கண்டு விசாரித்தது. ஆசை ஏற்பட்டது, ஒரு திர்ஹமுக்கு வாங்கினேன் என்றார் ஜாபிர். அண்டை வீட்டாருக்காகவோ தம் உறவினருக்காகவோ உங்களில் ஒருவர் தம் வயிற்றைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள விரும்பமாட்டாரா என்ற பொருளில் உமர் (ரலி) திருப்பிக் கேட்டார்கள். உலக வாழ்விலேயே இன்பங்கள் அனைத்தையும் தீர்த்துவிட்டவர்களைப் பற்றிய அஹ்காஃப் அத்தியாயத்தின் வசனத்தையும் நினைவூட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உமர் (ரலி) அந்த இறைச்சியை ஹராம் என்று சொல்லவில்லை, பறிக்கவும் இல்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்டார்கள். அக்கேள்வியில் உடல்நலம் இல்லை, சிக்கனமும் இல்லை. அண்டை வீட்டார்தாம் இருந்தார்கள்.

ஹிஜ்ரி 18இல், அதாவது கி.பி. 639 அளவில், ஹிஜாஸ் பகுதியைக் கடும் பஞ்சம் பீடித்தது. மழை பொய்த்து மண் சாம்பலைப் போல் ஆனதால் அது "சாம்பல் ஆண்டு" என்றே பெயர் பெற்றது. பாலைவனத்து மக்கள் பசியோடு மதீனாவை நோக்கி வந்தார்கள். மக்கள் மீளும்வரை நெய்யையும் பாலையும் இறைச்சியையும் சுவைப்பதில்லை என உமர் (ரலி) உறுதி பூண்டார்கள். ரொட்டியை எண்ணெயோடு உண்டு உண்டு அவர்களின் மேனி நிறமே மாறியது என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சந்தைக்கு நெய்யும் பாலும் வந்தபோது பணியாளர் வாங்கி வந்து முன்வைத்தார். மக்களைத் தொட்டது தம்மையும் தொடாவிட்டால் அவர்களின் துயரம் தமக்கு எவ்வாறு புரியும் என்று கூறி, அதைத் தர்மம் செய்துவிடச் சொன்னார்கள். நம் வரலாற்றில் ஒரு தலைவர் காரணத்தோடும் கால எல்லையோடும் இறைச்சியைத் தவிர்த்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேறு எதற்கு?

பக்தாதில் வந்த புதுப்பெயர்

அடுத்த நூற்றாண்டுகளில் அப்பாசியரின் தலைநகராம் பக்தாத் உலகின் செல்வ நகரங்களுள் ஒன்றாயிற்று. அங்கே சமையல் ஒரு கலையாக வளர்ந்தது. சமையல் நூல்கள் எழுதப்பட்டன. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த நூல் அவற்றுள் பழமையானது. அதில் இறைச்சியில்லா உணவுகளும் உள்ளன. அவற்றுக்கு வழங்கிய பெயர்தான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது: "முஸவ்வராத்". போலியானவை, பொய்யாகச் செய்யப்பட்டவை என்பது அதன் பொருள். அவை நோயாளிகளுக்கும், நோன்புக் காலத்தில் இறைச்சியை விலக்கும் கிறிஸ்தவர்களுக்கும் உரியவையாகக் கருதப்பட்டன.

மதீனாவில் கீரைக் கிழங்கு இறைச்சியின் இடத்தில் கூச்சமின்றி அமர்ந்திருந்தது. அதற்குத் தனிப்பெயரே தேவைப்படவில்லை; அது வெறுமனே உணவு. பக்தாதிலோ இறைச்சி சேர்ந்ததே மெய்யான உணவு, சேராதது போலி என்றாகிவிட்டது. மாறியது மார்க்கச் சட்டம் அன்று; மக்களின் வசதி மாறியது, வசதியோடு நாக்கும் மாறியது. காய்ச்சல் கண்டவருக்கு மட்டும் ரசம் சோறு, மற்ற நாளெல்லாம் கறி என்று எண்ணும் இல்லம், தன்னையறியாமல் மதீனாவின் வழியை விட்டு அந்தச் செல்வ நகரின் வழியைப் பின்பற்றுகிறது.

மார்க்க அறிஞர்கள் இம்மாற்றத்தைக் கவனிக்கத் தவறவில்லை. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் அலி (ரலி) அவர்களின் கூற்றாக ஒன்றை எடுத்தாள்கிறார்கள். நாற்பது நாள் இறைச்சியை அடியோடு விட்டவரின் குணம் கெடும். நாற்பது நாள் தொடர்ந்து உண்டவரின் உள்ளம் இறுகும் என்பது அதன் கருத்து. இரு பக்கமும் வேலியிட்ட நடுநிலை இது. ஹிஜ்ரி 751இல் மறைந்த திமிஷ்கின் அறிஞர் இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் ஸாதுல் மஆதில், இறைச்சியை இடைவிடாது உண்பது தகாது என்று எழுதுகிறார்கள். வயிற்றை விலங்குகளின் இடுகாடாக்க வேண்டாம் என்ற கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸின் அறிவுரையையும் அங்கே சேர்த்துத் தருகிறார்கள்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். மன்னு, ஸல்வா எனும் உணவை விட்டுக் கீரையும் வெள்ளரியும் பருப்பும் வெங்காயமும் கேட்ட இஸ்ரவேலர்களை பகரா அத்தியாயம் கண்டிக்கிறதே என்பர். அக்கண்டனம் பருப்பின்மீது அன்று. உழைப்பின்றிக் கிடைத்த அருட்கொடையைப் பொறுமையின்றி அலட்சியம் செய்த நன்றிகெட்ட தன்மையின்மீதே அது. இன்று எந்த உணவு முன்வைக்கப்பட்டாலும் கறி இல்லையா என்று தட்டைத் தள்ளும் நாமே அந்தக் கண்டனத்துக்கு அருகில் நிற்கிறோம் என்பதை உணர வேண்டும்.

முகலாயரின் மரக்கறி நாள்கள்

வாரத்தில் நாள் குறித்து இறைச்சியைத் தவிர்த்த வழக்கம் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமும் இருந்தது. பேரரசர் அக்பர் முதலில் வெள்ளிக்கிழமைகளிலும், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும், மேலும் பல நாள்களிலும் இறைச்சி உண்பதை விட்டார் என அபுல் ஃபஸ்ல் தம் அயினே அக்பரியில் எழுதுகிறார். அரண்மனைச் சமையலில் இறைச்சி சேராத உணவு வகைக்கு "சூஃபியானா" என்று பெயர். பக்தாதில் "போலி" எனப்பட்டது இங்கே சூஃபிகளின் உணவு என மதிப்புப் பெற்றது.

ஆனால் அக்பரின் வழக்கம் அவர் தட்டோடு நிற்கவில்லை. குறித்த நாள்களில் பிராணிகளை அறுப்பதற்கே தடை வந்தது. அரசவையில் இருந்த பதாவூனீ இதனைக் கண்டித்து எழுதினார். 1605இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர், தாம் முடிசூடிய வியாழக்கிழமையிலும், தம் தந்தை பிறந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அறுக்கக் கூடாதென ஆணையிட்டார். அல்லாஹ் ஆகுமாக்கியதை ஓர் அரசரின் பிறந்தநாளுக்காகத் தடுப்பதை மார்க்கம் ஏற்காது.

உமரையும் அக்பரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் முதல் தயக்கமும் இரண்டாம் தயக்கமும் ஒருசேர நீங்கும். உமர் (ரலி) தம் வயிற்றைச் சுருக்கினார், பசித்தவருக்காகச் சுருக்கினார். அது மார்க்கத்துக்கு உட்பட்ட தவிர்ப்பு. ஆணையால் பிறர் அடுப்பை அணைப்பது தடுப்பு. அதை அன்று அரசர் செய்தாலும் இன்று எவர் செய்தாலும் நாம் ஏற்பதற்கில்லை. நம் உணவு உரிமையை எவரும் பறிக்கலாகாது என்று சொல்வதும், நம் தட்டை நாமே அளவோடு வைத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பிறரை எதிர்ப்பதற்காகவே நாள்தோறும் கறி உண்பவர், தம் தட்டைப் பிறர் கையில் ஒப்படைத்தவரே ஆவார்.

நம் இல்லத்தில்

வரலாறு காட்டும் வழியில் சிலவற்றை முன்வைக்கிறோம்.

திங்களும் வியாழனும் நபியவர்கள் நோன்பு நோற்ற நாள்கள். அவற்றுள் ஒன்றை மரக்கறி நாளாக்கலாம். நோன்பு நோற்க இயன்றவர் நோற்று, எளிய உணவால் திறக்கலாம். இயலாதவர் உணவில் எளிமையைக் கடைப்பிடிக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் எனில் ஆண்டுக்கு 52 நாள்கள். குறைவாயினும் விடாது செய்யும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நபிமொழியின் கருத்து.

அன்று மிச்சமாகும் பணத்தை ஓர் உண்டியலில் இடுங்கள். பிள்ளையின் கையால் இடச் செய்யுங்கள். அது சேர்ந்ததும் அண்டையிலோ உறவிலோ பெருநாளைக்கு மட்டுமே கறி காணும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். உமர் (ரலி) கேட்ட கேள்விக்கு நாம் தரக்கூடிய விடை அதுவே. இது இல்லாவிட்டால் மரக்கறி நாள் சிக்கன நாளாக மட்டுமே நின்றுவிடும். கறி சமைக்கும் நாள்களிலும், குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரை நினைக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன அறிவுரை இருக்கிறது.

அடுப்படியில் நிற்பவர்களைக் கலந்து பேசாமல் ஆண்கள் கூடத்தில் அமர்ந்து இதை முடிவு செய்ய வேண்டாம். கறிக் குழம்பு ஒன்றோடு முடியும் வேலை, மூன்று வகைக் காய் என்று ஆனால் சுமை பெண்கள் தலையில்தான் விழும். சுரைக்காய் சேர்த்த பருப்பும் ஒரு கீரைக் கடைசலும் போதும்; கீரை ஆய்வதற்கு ஆண் கைகளும் உதவும். அன்று விருந்தினர் வந்துவிட்டால் அவருக்கு உகந்ததைச் சமைத்துப் பரிமாறுங்கள். விருந்தோம்பல் நம் மீது கடமை, மரக்கறி நாள் நாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. கறி உண்ணும் சகோதரரைக் குறைத்துப் பேசவும் வேண்டாம்.

பெயர் தெரியாத அந்த மதீனத்து மூதாட்டியிடம் கொடுப்பதற்குக் கொழுப்பும் இல்லை, நிணமும் இல்லை. வாய்க்கால் ஓரத்துக் கிழங்கும் ஒரு கைப்பிடி வாற்கோதுமையுமே இருந்தன. நபித்தோழர்கள் வாரமெல்லாம் அதற்காகக் காத்திருந்தார்கள். அந்த மன நிறைவை நம் தட்டுகளிலும், அந்தப் பகிர்வை நம் தெருக்களிலும் அல்லாஹ் தந்தருள்வானாக! நம் உணவில் பரக்கத்தையும், நம் அண்டை வீட்டாரின் அடுப்புகளில் நெருப்பையும் அவன் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.